கமிட்டி மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் ரோசனை

ஏனுங்க மாப்பிள்ளை, பள்ளிக்கூடத்தை மேம்படுத்தற கமிட்டில உங்களையும் போட்டுட்டாங்களாமா? சந்தோசமுங்க. புட்பால் ஆடறதுக்குன்னே ஸ்டேடியம் கட்டி, நாலு பக்கமும் லைட்டுக் கம்பம் நட்டு வெச்சிருக்கற பள்ளிக்கூடத்துக்கு இன்னும் என்ன மேம்பாடு பாக்கின்னு நான் கேக்கலீங்க. பொண்ணு குடுத்த ஊட்ல ஆறு மாச விசாவுல வந்து உக்காந்திருக்கறவன் வாயை மூடிட்டு இருக்கோணும்னு உங்க அத்தை ஏரோப்பிளான் ஏறும்போதே சொல்லித்தான் கூட்டியாந்தா. ஆனா ராத்திரி சோறு உங்கறப்ப நீங்களா "மாமா, நீங்க என்ன நெனைக்கறீங்க?"ன்னு கேட்டுப்போட்டீங்க. இனி என் மேல தப்பில்லை.

விசயம் இதுதானுங்களே. ஹைஸ்கூல்ல படிக்கறப்பவே காலேஜ் பாடம். இத்தனை நாளும் கெட்டிக்காரப் புள்ளைகளுக்குன்னு எடுத்து வெச்சிருந்த ஏபி-ங்கற அட்வான்ஸ்டு பிளேஸ்மெண்ட் வகுப்பை எல்லாத்துக்கும் தொறந்து உடலாமான்னு கமிட்டி ரோசிக்குது. நானும் நம்மூர்ப் பள்ளிக்கூடத்துல பெற்றோர் ஆசிரியர் கழகப் பொருளாளரா இருந்து, பெஞ்சு வாங்கின ரசீதுல இருந்து ஆண்டு விழா மைக்செட்டு வாடகை வரைக்கும் கணக்குப் பாத்தவன். மேம்படுத்தறதுல ரெண்டு வகை இருக்குதுங்க. ஒண்ணு, பள்ளிக்கூடத்தை மேம்படுத்தறது. இன்னொண்ணு, பள்ளிக்கூடத்தைப் பத்தின பேப்பரை மேம்படுத்தறது. ரெண்டாவதுக்குத்தான் செலவு கம்மி. அதுல இருந்தே ஆரம்பிக்கலாம்.

மொதல் வழி: இருக்கற வகுப்பு வாசல்ல பேரை மாத்தி எழுதுங்க. ‘உயிரியல்’னு இருந்ததுக்கு முன்னால ஏபி-ன்னு ரெண்டு எழுத்து. ஏபி-யை நடத்தற காலேஜ் போர்டுக்காரங்க 2007ல இருந்து வாத்தியாரு தன்னோட பாடத்திட்டத்தை எழுதி அனுப்பிச் சம்மதம் வாங்கோணும்னு வெச்சிருக்கறாங்க. பயப்படாதீங்க. அவங்க பாக்கறது எழுதி அனுப்பின காயிதத்தை. வகுப்புக்குள்ள அந்தக் காயிதம் நடக்குதா, பாதி வருசம் படுத்துக் கெடக்குதான்னு வந்து எட்டிப் பாக்கறதில்லை. காயிதம் நல்லா எழுதற வாத்தியாரு ஒருத்தரைப் புடிச்சாப் போதும்.

அப்புறம் ராங்கு. பள்ளிக்கூடத்துக்கே ராங்கு போடற வித்தையை வாஷிங்டன் போஸ்ட் நிருபர் ஜே மேத்யூஸ்ங்கறவரு கண்டுபுடிச்சு, 1998ல நியூஸ்வீக்ல போட்டாங்க. கணக்கு ரொம்ப லேசுங்க. ஒரு வருசத்துல பள்ளிக்கூடம் முச்சூடும் எழுதின ஏபி பரிட்சைகளையும், அதே மாதிரி இருக்கற ஐபி-ங்கற பரிட்சைகளையும் எண்ணி, அந்த வருசம் படிச்சு முடிக்கற பசங்க எண்ணிக்கையால வகுக்கோணும். அவ்வளவுதான். பாஸா பெயிலாங்கற பேச்சு அந்த வகுத்தல்ல எங்கயுமில்லை. அவரு நல்ல எண்ணத்துலதான் அப்படி வெச்சாரு. பாஸானவங்களை மட்டும் எண்ணினா, பள்ளிக்கூடங்க பெயிலாகற மாதிரி தெரியற புள்ளைகளை வாசல்லயே நிறுத்திருவாங்கன்னு அவருக்குத் தெரியும். ஆனா கணக்குன்னு ஒண்ணு வந்துட்டா, அதுக்குக் குறுக்கு வழியும் பின்னாலயே வந்துருதுங்களே! மே மாசம் ஜிம்முல மேசைகளை வரிசையா போட்டு, ஆளைப் புடிச்சாந்து உக்கார வெச்சு, போனைப் புடுங்கிப் பையில போட்டுப் பரிட்சையை எழுத வெச்சுட்டீங்கன்னா ராங்கு ஏறிரும். 5க்கு 1 வாங்கினாலும் எண்ணிக்கைக்கு ஒண்ணுதான். ஒரு பரிட்சைக்குக் கிட்டத்தட்ட நூறு டாலர் கட்டோணும். ஏழைப்பட்ட புள்ளைகளுக்குக் கொஞ்சம் கழிச்சுக் குடுக்கறாங்க. மிச்சத்தைக் கட்டறதுக்கு ஆளிருந்தா உங்க ராங்கு கையில.

இது புடிக்கலீங்களா? சரி, இதுக்கு நேர்மாறா ஒண்ணு சொல்றன். ‘எங்க பள்ளிக்கூடத்துல ஏபி எழுதினவங்க அத்தனை பேரும் 3க்கு மேல’ன்னு பலகை வெக்கோணுமா? அதுக்கு வாத்தியாரு ஒண்ணும் மெனக்கெட வேண்டியதில்லை. வாசல்ல ஆளை நிறுத்தினாப் போதும். போன வாரம் எம்பேத்தி அம்மிணி அடுத்த வருசத்துக்குப் பாடம் எடுக்கற காயிதத்தைக் காட்டுச்சு. ஒவ்வொரு ஏபி பாடத்துக்கும் நேரா ஒரு சின்னக் கட்டம், வாத்தியாரு சுருக்கொப்பம் போடறதுக்கு. அதுக்குக் கீழ பெத்தவங்க கையெழுத்து. அதுக்கும் கீழ, என் கண்ணாடியை நெத்தியில இருந்து எறக்கினாத்தான் தெரியற எழுத்துல, நடுவுல உட்டுட்டுப் போகப்படாது, கட்டணம் தனின்னு நாலு வரி. அந்தக் கட்டம் யாரையும் வேண்டாம்னு சொல்லலீங்க. ஆனா ராத்திரி ஷிப்டுல ஆஸ்பத்திரி கூட்டறவங்க ஊட்டுப் புள்ளைக்கு, எந்த வாத்தியாரை எந்தத் தேதிக்குள்ள போய்ப் பாக்கோணும்னு ஆரு சொல்றது? நம்மூட்ல நீங்க எக்செல் சீட்டே போட்டு வெச்சிருக்கறீங்க. ஏழாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும், கலர் கலரா. நானும் பாத்தனுங்க. அதுல எம்பேத்திக்குத் தூங்கறதுக்குக்கூட ஒரு கலர் இருக்குது, அளவுதான் கொஞ்சம் கம்மி.

போன சனிக்கெழமை உங்க சிநேகிதருங்க வந்திருந்தப்ப நான் சும்மா டிவி பாத்துட்டுத்தான் இருந்தன். காது மட்டும் அக்கட்டால இருந்துச்சு. "எல்லாரையும் உள்ள உட்டா தரம் போயிரும்"னு ஒருத்தர் சொன்னாருங்களே, மிக்சரை வாயில போட்டுட்டு? அவரு தரத்துக்காகப் பட்ட வெசனத்தைப் பாத்து எனக்கே தொண்டையை அடைச்சிருச்சு. அப்புறம்தான் அம்மிணி எனக்கு வெவரம் சொல்லுச்சு. இங்க டெக்சாஸ்ல 1997ல ஒரு சட்டம் போட்டாங்களாம். எந்த ஹைஸ்கூலா இருந்தாலும் வகுப்புல மொதல் பத்து சதவீதத்துக்குள்ள வந்துட்டா அரசு யுனிவர்சிட்டில எடம். ஆஸ்டின் யுனிவர்சிட்டி மட்டும் கூட்டம் தாங்காம அதை இன்னும் இறுக்கிருச்சு. ஏபி வகுப்புல வாங்கற ‘ஏ’வுக்கு சாதா வகுப்பு ‘ஏ’வை விட எச்சு மதிப்பாம். அப்ப அந்த எச்சு மதிப்பை இன்னும் நூறு புள்ளைகளுக்குத் தொறந்து உட்டா, பத்துக்குள்ள நிக்கறவங்க கொஞ்சம் நெருக்கி நிக்க வேண்டி வரும். தரம்னு அவரு சொன்னது அவரு பையனோட ராங்கைத்தான். நீங்களும் தலையாட்டினீங்க. மரியாதைக்கு ஆட்டியிருப்பீங்க, நான் தப்பா எடுத்துக்கலை.

எங்க காலத்துல இந்தச் சண்டையே வேற மாதிரி நடந்துச்சுங்க. பதினொண்ணாவது எஸ்எஸ்எல்சி, அதுக்கு மேல ஒரு வருசம் பியுசி. பியுசி காலேஜ்லதான். காலேஜு டவுன்ல. டவுனுக்குப் போறதுக்குப் பஸ்ஸு, தங்கறதுக்கு ஆஸ்டலு, நல்ல சட்டை ரெண்டு. பல புள்ளைகளுக்கு, பொட்டப் புள்ளைகளுக்குக் கேக்கவே வேண்டாம், படிப்பு அந்தச் சட்டையிலயே நின்னு போச்சு. 1978ல அந்தப் பாடத்தையெல்லாம் தூக்கிப் பள்ளிக்கூடத்துக்குள்ள வெச்சு பிளஸ் டூன்னாங்க. அப்பவும் ‘காலேஜ் பாடத்தை இவனுக எங்க நடத்தப் போறானுக’ன்னு டீக்கடையில பேசினவங்க உண்டு. நம்மூர்ல லேப் கட்டறதுக்குள்ள லேப் பரிட்சை வந்துருச்சு. மொத வருசம் பிப்பெட்டைக் கையில தொட்டதே பரிட்சை அன்னிக்குத்தான். பேச்சு அத்தனையும் பொய்யில்லைதான். ஆனாலும் பஸ்ஸேறாமப் பன்னெண்டாவது முடிச்ச பொண்ணுகளைக் கண்ணுல பாத்தவன் நான். அதுல ஒருத்திதான் உங்களுக்கு வாழ்க்கைப்பட்டு இந்த ஊட்ல இருக்கறா.

சரி, இப்ப நெசமா ரோசனை வேணும்னா சொல்றனுங்க. எஸ்கலான்டேன்னு ஒரு கணக்கு வாத்தியாரு. பொலிவியா நாட்டுக்காரரு. சொந்த ஊர்ல வருசக்கணக்குல கணக்கும் பௌதிகமும் நடத்தினவரு அறுபதுகள்ல அமெரிக்கா வந்தா, அந்தப் படிப்பு இங்க செல்லாதுன்னுட்டாங்க. ஓட்டல்ல வேலை பாத்து, ராத்திரில மறுபடியும் காலேஜ் படிச்சு, எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனில சேந்து, அந்தச் சம்பளத்தையும் உட்டுப்போட்டு 1974ல கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ்ல கார்பீல்டு ஹைஸ்கூலுக்கு வாத்தியாரா போனாரு. மெக்சிகோ வம்சாவளிக் கூலிக்காரங்க புள்ளைக படிக்கற எடம். அங்க கால்குலஸ் நடத்தறேன்னாரு. பக்கத்து ரூம்பு வாத்தியாருகளே சிரிச்சாங்க.

1979ல மொதல் தடவை பரிட்சைக்குப் போனது அஞ்சு பேரு. தேறினது ரெண்டு. உங்க கமிட்டியா இருந்தா அன்னைக்கே பவர்பாயிண்ட் போட்டுத் திட்டத்தை மூடியிருப்பீங்க. 1982ல 18 பேரு எழுதி 18 பேரும் தேறினாங்க. உடனே பரிட்சை நடத்தற ஈடிஎஸ்காரங்களுக்கு மூக்குல வேர்த்துருச்சு. விடை ஒரே மாதிரி இருக்குது, பாத்து எழுதியிருப்பாங்கன்னு 14 பேரு மேல சந்தேகம். மறுபடியும் எழுதச் சொன்னாங்க. 12 பேரு எழுதினாங்க. பன்னெண்டும் பாஸு. ஒரே வாத்தியாருகிட்டப் படிச்சவங்க ஒரே மாதிரி கணக்குப் போட்டா, பங்களாப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துல அதுக்குப் பேரு பயிற்சி. கார்பீல்டுல அதுக்குப் பேரு காப்பி.

இதைத்தான் 1988ல ‘ஸ்டாண்ட் அண்ட் டெலிவர்’னு படமா எடுத்தாங்க. நீங்களும் பாத்திருப்பீங்க. உங்க கமிட்டித் தலைவியம்மா அந்தப் படத்தைப் பாத்துத்தான் இந்தத் திட்டத்தையே கொண்டாந்திருப்பாங்கன்னு எனக்கொரு சந்தேகம். படத்துல சதவீதக் கணக்குல தடுமாறின பசங்க ஓரிரு வருசத்துல கால்குலஸைப் பிரிச்சு மேஞ்சுர்றாங்க. ரெண்டு மணி நேரத்துல கதை முடியோணுமில்ல, அவங்களைக் குத்தம் சொல்றதுக்கில்லை. நெசத்துல நடந்தது அதில்லீங்க. அந்த ஆளு வந்து சேந்ததுக்கும் அந்த 18 பேருக்கும் நடுவுல எட்டு வருசம் ஓடிப்போச்சு. அந்த எட்டு வருசமும் என்ன பண்ணினாருங்கறதுதான் பாடம். கீழ வகுப்புல அல்ஜீப்ராவைச் சரி பண்ணினாரு. பசங்களை அனுப்பற நடுநிலைப் பள்ளிக்கூடங்களையும் உடலை. கோடை லீவுல பக்கத்துலயே இருந்த ஈஸ்ட் லாஸ் ஏஞ்சலஸ் காலேஜ்ல வகுப்பு வெச்சாரு. ஹென்றி கிராடியாஸ்னு ஒரு ஹெட்மாஸ்டரு, முன்னாள் ராணுவத்துக்காரரு, வந்து சேந்தாரு. ‘இவனுகளுக்கு இது போதும்’னு வெச்சிருந்த சும்மாக் கூட்டல் வகுப்பையெல்லாம் கொறச்சு, அல்ஜீப்ராவுக்குத் தள்ளி உட்டாரு. கூடவே பென் ஹிமெனெஸ்னு இன்னொரு கணக்கு வாத்தியாரு தோள் குடுத்தாரு. 1987ல கால்குலஸ் ஏபி-ல 73 பேரும், அதுக்கு மேல் பரிட்சைல 12 பேரும் தேறினாங்க. அந்த வருசம் நாடு முச்சூடும் கால்குலஸ் பாஸ் பண்ணின மெக்சிகோ வம்சாவளிப் புள்ளைகள்ல நூத்துக்கு 26 பேரு அந்த ஒத்தைப் பள்ளிக்கூடத்துக்காரங்கன்னு, முன்ன சொன்ன அதே மேத்யூஸ்தான் எழுதி வெச்சாரு.

கீழ்பவானி வாய்க்கால்ல கடைமடைக்குத் தண்ணி வரலைன்னு நாங்க கலெக்டராபீசு வாசல்ல உக்காந்தப்ப, ஒரு எஞ்சினீயரு வந்து கடைமடைல புது மதகு கட்டித் தர்றன்னாரு. பெயிண்டெல்லாம் அடிச்சு நல்லாத்தான் கட்டினாரு. தலைப்புல இருந்து தூர் வாராம மதகு என்னத்தைத் தொறக்கறது? பன்னெண்டாவதுல ஏபி வகுப்பைத் தொறக்கறதும் அப்படித்தான். ஆறாவதுல எந்தப் பாதைல புள்ளையைத் தள்ளி உட்டீங்களோ, அதுதான் பன்னெண்டாவதுல எங்க நிக்குதுன்னு முடிவு பண்ணுது.

அப்புறம் கார்பீல்டு என்னாச்சுன்னு படத்துல காட்டமாட்டாங்க. ஹெட்மாஸ்டரு 1987ல போயிட்டாரு. வகுப்புக்கு 35 பேருக்கு மேல இருக்கப்படாதுன்னு வாத்தியாருக சங்கத்து ஒப்பந்தம். எஸ்கலான்டே வகுப்புல சிலது அம்பதைத் தாண்டிருச்சு. சங்கத்துக்காரங்க சொல்றதுலயும் நாயமிருக்குதுங்க, அம்பது நோட்டு திருத்தறவனுக்குத்தான் தெரியும். ஆனா அதுல முறுகி, பொறாமையும் சேந்து, 1990ல அவரை கணக்குத் துறைத் தலைவர் பதவில இருந்து எடுத்தாங்க. அடுத்த வருசம் அவரு சாக்ரமென்டோ போயிட்டாரு. ஹிமெனெசும் அந்த வருசமே நகந்துட்டாரு. சில வருசத்துல பாஸ் எண்ணிக்கை சரசரன்னு எறங்கிருச்சு. 2010ல அவரு காலமாகி, 2016ல தபால்தலை வெளியிட்டாங்க. ஆளு இருக்கறப்ப மேசையைப் புடுங்கறதும், போன பொறகு ஸ்டாம்பு ஒட்டறதும் நம்மூர்ல மட்டும்னு நெனச்சுட்டு இருந்தன்.

இன்னொரு குசும்பும் சொல்லோணும். வாஷிங்டன் பக்கம் சிட்வெல் பிரண்ட்ஸ்ங்கற பள்ளிக்கூடம் இருக்குதுங்களே, பிரெசிடெண்ட்டு ஊட்டுப் புள்ளைக படிச்சது, அதோட சேந்து எட்டு தனியார் பள்ளிக்கூடங்க 2018ல ‘எங்களுக்கு இனி ஏபி வேண்டாம், நாங்களே இன்னும் ஆழமா நடத்திக்கறோம்’னு அறிவிச்சுட்டாங்க. காரணம் நல்லாத்தான் சொன்னாங்க. ஆனா ஏழைப் புள்ளைக படியேறி வந்து கதவைத் தட்டற நேரம் பாத்து, உள்ள இருந்தவங்க ‘இந்த ஊடு பழசு’ன்னு காலி பண்ணிட்டுப் போறாங்க பாருங்க. உங்க சிநேகிதரும் கூடிய சீக்கிரம் ஏபி பழசுன்னு சொல்லுவாரு. அன்னைக்கு மிக்சரை நான் எடுத்துத் தர்றன்.

காலேஜோடயே சேந்து நடத்தற டூயல் கிரெடிட்டுன்னு ஒண்ணையும் பேசிக்கறீங்க. மின்னசோட்டாவுல 1985லயே சட்டம் போட்டு, ஹைஸ்கூல் புள்ளைகளைக் காலேஜ்ல போயி அரசாங்கச் செலவுல படிக்க உட்டாங்க. இங்க டெக்சாஸ்ல ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டும் செமஸ்டர் கணக்குல 12 மணி காலேஜ் கிரெடிட்டாச்சும் வாங்க வழி பண்ணோணும்னு சட்டமே இருக்குது. இதுல எனக்குப் புடிச்சது, ஒத்தைப் பரிட்சைல தலையெழுத்து நிக்கறதில்லைங்கறது. வருசம் பூரா படிச்சதுக்கு மார்க்கு. ஆனா அந்த கிரெடிட்டை எந்த யுனிவர்சிட்டி எடுத்துக்கும்னு மொதல்லயே கேட்டு வெச்சுக்கோங்க. டெக்சாஸ் அரசு காலேஜுகளுக்குள்ள அடிப்படைப் பாடம் செல்லும். வெளி மாநிலம், தனியாருன்னு போனா ஒவ்வொருத்தன் ஒவ்வொரு சாக்குச் சொல்லுவான்.

மத்தபடி, ஆறாவதுல பாதையைச் சரி பண்றதுல உங்களுக்கு வேலை கம்மிங்க, பாதி வேலையை சட்டசபையே பண்ணி வெச்சிருச்சு. டல்லாஸ் டிஸ்ட்ரிக்ட்ல 2019ல இருந்து ஒண்ணு பண்ணினாங்க. அஞ்சாவதுல கணக்கு நல்லாப் போட்ட புள்ளையைக் கேக்காமயே ஆறாவதுல மேல் கணக்கு வகுப்புல போட்டுருவாங்க. வேண்டாம்னா பெத்தவங்க எழுதிக் குடுக்கோணும். முந்தி வேணும்ங்கறவங்க எழுதிக் குடுக்கோணும். காயிதத்தைத் திருப்பிப் போட்டாங்க, அவ்வளவுதான். கறுப்பினப் புள்ளைகளும் ஸ்பானிஷ் பேசற ஊட்டுப் புள்ளைகளும் எட்டாவதுல அல்ஜீப்ரா எடுக்கறது எச்சாயிருச்சு. அந்தப் புள்ளைக மூளை ஒரே வருசத்துல வளந்துருச்சா என்ன? 2023ல அதையே மாநிலம் முச்சூடும் சட்டமாக்கிட்டாங்க. அஞ்சாவதுல மாநிலம் நடத்தற ஸ்டார் கணக்குப் பரிட்சைல மொதல் நாப்பது சதவீதத்துல வந்தா ஆறாவதுல தன்னால மேல் கணக்கு வகுப்பு.

அதனால வர்ற வியாழக்கெழமை கூட்டத்துல நீங்க பெருசா ஒண்ணும் பேச வேண்டாம். ஆறாவது ஏழாவதுல கணக்கு நடத்தறது ஆரு, அவரு எத்தனை வருசமா இருக்கறாருன்னு கேளுங்க. பெரும்பாலும் புதுசா வந்த வாத்தியாரு தலையில கட்டியிருப்பாங்க. நல்லவங்களை எல்லாம் பன்னெண்டாவதுக்குத் தூக்கியிருப்பாங்க. ஏபி-ல திணறற புள்ளைக்குப் பொழுதோட உக்காந்து சொல்லிக் குடுக்க ஆளுக்குச் சம்பளம் எந்தத் தலைப்புல வருதுன்னு கேளுங்க. புட்பால் லைட்டுக் கரண்டு பில்லையும் அதே மூச்சுல கேட்டுப் பாக்கலாம், ஆனா அடி வாங்காம ஊடு வந்து சேரோணும். அம்மிணி காட்டின பாடம் எடுக்கற காயிதத்துல வாத்தியாரு கையெழுத்துக் கட்டத்தை எடுத்துருங்கன்னு சொல்லுங்க. எடுத்தா காசு செலவில்லை, ஆனா அதுக்குத்தான் எச்சா எதிர்ப்பு வரும், பாத்துட்டே இருங்க.

ஓட்டுன்னு வந்தா உங்க சிநேகிதரு உங்க மூஞ்சியைப் பாப்பாரு. சங்கடமா இருந்தாச் சொல்லுங்க, அன்னைக்கு ஆபீஸ் மீட்டிங்குன்னு சொல்லிட்டு நீங்க ஊட்லயே இருந்துக்கலாம். வெளியாளு ஆரு வேணும்னாலும் மைக்குல மூணு நிமிசம் பேசலாமாம், அம்மிணி சொல்லுச்சு. நான் போயிட்டு வர்றன். தமிழ்ல பேசலாமான்னு மட்டும் அந்தத் தலைவியம்மாகிட்டக் கேட்டு வெச்சிருங்க.